திட்டம் போடாமல் ஜெர்மனியின் சின்ன ஊர்களைப் பார்க்கப் போகலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் உங்கள் மனைவியும் ஸ்டுட்கார்ட்டுக்குக் கிழக்கே வைப்லிங்கனில் எட்டு மாதமாக இருக்கிறீர்கள். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று பட்டியல் போட்டு, மணி பார்த்து, ஒவ்வொன்றுக்கும் முன்பதிவு செய்து சுற்றியதில் இருவருக்கும் அலுப்பு வந்துவிட்டது. ஒரு வார இறுதியில் காலையில் எழுந்து, எங்கே என்று முடிவு செய்யாமலே கிளம்பி, சின்ன ஊர்கள் சிலவற்றைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும். முன்பதிவு இல்லாமல் ஜெர்மனியில் எதுவும் நடக்காது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா, எந்த ஊர்களுக்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர்ப் பெயர்களைக் கேட்டாலும், ஒன்றும் தீர்மானிக்காமல் போனால் அந்த நாள் வீணாகிவிடுமோ என்பதுதான் உங்கள் பயம் என்று தோன்றுகிறது.

வீணாகாது. எந்த ஊர் என்பதை முழுக்க வழியில் முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்ற இரண்டையும் மட்டும் வீட்டிலேயே பேசிவிட்டுக் கிளம்புங்கள். நான் கட்டடப் பொறியாளர். பதினாறு வருடமாக இந்தப் பக்கத்தில் பழைய மரச்சட்ட வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். வேலைக்காகவும், வேலை இல்லாத நாளில் கணவரோடு சும்மாவும் இந்த ஊர்களுக்குள் நிறையச் சுற்றியிருக்கிறேன். எனக்குப் பழக்கம் தென்மேற்கு ஜெர்மனியும் அதை ஒட்டிய பவேரியாவும்தான். கீழே சொல்வதையும் அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

திட்டமில்லாத பயணத்துக்கு இந்தப் பகுதி ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1800க்கு முன்பு இங்கே ஒரே நாடு கிடையாது. பேரரசருக்கு மட்டும் நேரடியாகக் கட்டுப்பட்ட சுதந்திர நகரங்கள் பல இருந்தன. அவற்றை ‘ரைஷ்ஸ்டாட்’ என்பார்கள். சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர்கூடத் தனக்கென்று மதில், நகர மன்றம், நீதிமன்றம், தானியக் கிடங்கு எல்லாம் வைத்துக்கொண்டது. முப்பதாண்டுப் போரிலும் (1618-48இல் ஜெர்மன் நிலத்தை நாசமாக்கிய போர்) அதற்குப் பிறகு வணிகப் பாதைகள் மாறியதிலும் இவற்றில் பல ஏழையாகிவிட்டன. இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லாததால் பழைய வீடுகள் அப்படியே நின்றன. 1802-03இல் சுதந்திரமும் போய், வூர்ட்டம்பெர்க்கிலோ பவேரியாவிலோ சேர்க்கப்பட்டன. அதனால்தான் இன்றைக்கு அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் வேறு முகமுள்ள இன்னொரு முழு ஊர் வந்துவிடுகிறது. ஒன்று பிடிக்கவில்லையா, அடுத்ததற்குப் போகலாம். நுழைவுச்சீட்டும் இல்லை, வரிசையும் இல்லை.

நேரத்தை ஏன் விடக் கூடாது என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். வந்த மூன்றாம் வருடம் ஒரு நவம்பர் ஞாயிறு, மதியம் இரண்டரை மணிக்கு ஒரு சின்ன ஊரில் பசியோடு இறங்கினோம். மூன்று உணவகங்கள் இருந்தன. ஒன்று பூட்டியிருந்தது. மற்ற இரண்டிலும் சமையலறையை மூடிவிட்டார்கள். கடைசியில் பெட்ரோல் பங்கில் ஆளுக்கொரு பிரெட்சல் வாங்கிச் சாப்பிட்டோம். நாலரை மணிக்கு இருட்டியும் விட்டது. சின்ன ஊர் உணவகங்களில் சூடான சாப்பாடு பெரும்பாலும் பதினொன்றரையிலிருந்து இரண்டு வரையும், பிறகு மாலை ஐந்தரைக்கு மேலும்தான் கிடைக்கும். இடையில் காபியும் கேக்கும் மட்டுமே. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ விடுமுறை விடுவார்கள், பெரும்பாலும் திங்கள் அல்லது செவ்வாய். இது ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். ஆனால் பன்னிரண்டரைக்கு எந்த ஊரில் இருக்கிறீர்களோ அங்கேயே சாப்பிட்டுவிட்டால் தப்பாது. அடுத்த ஊரில் இன்னும் நல்ல இடம் இருக்கும் என்று தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், ரொக்கம் ஐம்பது அறுபது யூரோவாவது கையில் இருக்கட்டும். அட்டை வாங்காத கடைகள் இன்னும் நிறைய உண்டு.

சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்பது நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஞாயிறு கடைகள் அடைத்திருக்கும். அந்த ஓய்வு அரசியலமைப்பிலேயே இருக்கிறது: 1919 வைமார் அரசியலமைப்பின் 139ஆம் பிரிவு ஞாயிற்றுக்கிழமையைப் பாதுகாத்தது, இன்றைய அடிப்படைச் சட்டத்தின் 140ஆம் பிரிவு அதை அப்படியே எடுத்துக்கொண்டது. பேக்கரிகள் காலையில் சில மணி நேரம் திறக்கும், காபிக் கடைகள் மதியம் திறக்கும். சனிக்கிழமை காலை பல ஊர்களில் சந்தை கூடும், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். மதியத்துக்கு மேல் சின்னக் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். முதல் தடவை என்பதால் சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்புங்கள் என்பேன். ஆள் இல்லாத கல் தெருவில் தேவாலய மணி மட்டும் கேட்க நடப்பது ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய சுகம். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வழி தேடும் முறை எளிது. கைபேசி வரைபடத்தில் ஆட்டோபானை, அதாவது அதிவேக நெடுஞ்சாலையை, தவிர்க்கும்படி அமைத்துவிட்டு, ஒரு திசையை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். ஆட்டோபானில் வழிகாட்டிப் பலகைகள் நீலம். சாதாரணச் சாலைகளில் மஞ்சள். பழுப்பு நிறப் பலகை வந்தால் பக்கத்தில் பார்க்க ஏதோ இருக்கிறது, கோட்டையோ மடமோ பழைய நகரமோ. திட்டமில்லாமல் போகிறவர்களுக்கு அதுதான் வழிகாட்டி. நாங்கள் நல்ல ஊர்கள் பலவற்றைக் கண்டுபிடித்தது பழுப்புப் பலகையைப் பார்த்துத் திரும்பியதால்தான். ஊர் எல்லையில் பெயர் எழுதிய மஞ்சள் பலகை நிற்கும். அதைத் தாண்டிய நொடியிலிருந்து வேகம் 50தான், தனியாக எண் எழுதிய பலகை இருக்காது. ஊர் முடியும் இடத்தில் அதே பெயர் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து 100 வரை போகலாம். நம் ஊர்க்காரர்கள் கேமராவில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இன்னொன்று, ஊருக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. சின்னச் சந்திலிருந்து டிராக்டர் வந்தாலும் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

திசை ஒன்றாவது சொல்லுங்கள் என்பீர்கள். வைப்லிங்கனிலிருந்து பி14 சாலை வாசலிலேயே இருக்கிறது, வடகிழக்கே போங்கள். பக்னாங் தாண்டியதும் காடு தொடங்கும். மைன்ஹார்ட் அருகே ரோமானியப் பேரரசின் எல்லைக்கோடு சாலையைக் கடக்கிறது. லீமெஸ் என்று பலகையில் எழுதியிருக்கும். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெரிய கோட்டைச் சுவரை எதிர்பார்க்காதீர்கள், பல இடங்களில் மண் மேடுதான் மிச்சம். பத்து நிமிடம் காலாற நடக்க நல்ல இடம்.

அடுத்தது ஷ்வேபிஷ் ஹால். கோஹர் ஆற்றின் சரிவில் ஏறி நிற்கும் ஊர். இங்கே பூமிக்கடியில் உப்பு நீர் ஊற்று. ரோமானியருக்கு முன் இங்கே வாழ்ந்த கெல்ட்டியர் காலத்திலிருந்தே அதைக் காய்ச்சி உப்பு எடுத்திருக்கிறார்கள், 1924இல்தான் உப்பு காய்ச்சுவது நின்றது. ‘ஹெல்லர்’ என்ற பழைய காசின் பெயரும் இந்த ஊரிலிருந்து வந்ததுதான். சந்தைச் சதுக்கத்தில் புனித மைக்கேல் தேவாலயத்துக்கு ஏறும் அகலமான படிக்கட்டைப் பாருங்கள், ஐம்பதுக்கு மேற்பட்ட படிகள். 1925 முதல் கோடையில் அந்தப் படிகளையே மேடையாக்கி நாடகம் போடுகிறார்கள். படியின் உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தால் சதுக்கத்தின் ஒரு பக்கம் மரச்சட்ட வீடுகளும் எதிரே மெருகான பரோக் நகர மன்றமும் தெரியும். ஒரே சதுக்கத்தில் ஏன் இரண்டு பாணி? 1728இல் நகரின் பெரும்பகுதி தீயில் போனது, போன இடத்தில் அந்தக் காலத்துப் பாணியில் கட்டினார்கள். தீ எதுவரை வந்தது என்பதைக் கட்டடங்களே சொல்கின்றன. கலையில் ஆர்வம் இருந்தால் ஆற்றைக் கடந்து கூன்ஸ்ட்ஹாலே வூர்த் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அனுமதி இலவசம்.

அங்கிருந்து கிழக்கே போனால் கிரைல்ஸ்ஹைம். பல பேர் நிற்காமல் கடந்துவிடுவார்கள். மையத்தில் 1950களின் எளிய கட்டடங்கள்தான் அதிகம். 1945 ஏப்ரலில், போர் முடிய சில வாரங்களே இருந்தபோது, சண்டையிலும் குண்டுவீச்சிலும் பழைய நகரத்தின் பெரும்பகுதி அழிந்தது. அரை மணி தள்ளி உள்ள டிங்கெல்ஸ்பூலில் ஒரு ஓடுகூட நகராதது போலத் தெரியும். இந்த இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பாருங்கள். அழகான ஊர்களை மட்டும் பொறுக்கிப் பார்த்தால் இந்த நாட்டின் பாதிக் கதை கண்ணில் படாமலே போய்விடும். என் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்த பயணங்களில் இந்த அரை மணி நேரச் சாலையும் ஒன்று.

டிங்கெல்ஸ்பூலுக்குள் நுழையும்போது மாநிலம் மாறியிருக்கும், அது பவேரியா. 1648 அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்டினரும் பதவிகளைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு ஆண்ட நாலு நகரங்களில் இதுவும் ஒன்று. மதிலும் கோபுர வாசல்களும் முழுதாக இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் மதில்களை இடித்துக் கல்லை விற்கும் வழக்கம் பரவியபோது பவேரிய அரசர் முதலாம் லூட்விக் அதைத் தடுத்தார். இங்கே பார்க்க வேண்டியவை என்று பட்டியல் தேவையே இல்லை. ஒரு வாசலில் நுழைந்து எதிர் வாசலில் வெளியே வந்து, மதிலின் வெளிப்புறமாகக் குளத்தை ஒட்டி நடந்து திரும்பி வாருங்கள்.

இன்னும் முப்பது கிலோமீட்டர் தெற்கே நோர்ட்லிங்கன். சாலை இறங்க இறங்க நிலம் தட்டையாகிக்கொண்டே போகும், சுற்றிலும் தூரத்தில் மேடு தெரியும். ஏறத்தாழ 150 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த பள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறீர்கள், குறுக்களவு சுமார் 25 கிலோமீட்டர். வெகுகாலம் எரிமலை வாய் என்றுதான் நினைத்திருந்தார்கள். 1960இல் புவியியலாளர்கள் யூஜின் ஷூமேக்கரும் எட்வர்ட் சாவோவும் இங்கத்திய பாறையில் கோயசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார்கள். மிகக் கடுமையான அழுத்தத்தில் மட்டும் உருவாகும் கனிமம் அது, எரிமலையால் அதை உண்டாக்க முடியாது. நிலவில் என்ன மாதிரிக் கற்களைத் தேட வேண்டும் என்று பழக அப்போலோ 14 வீரர்கள் 1970இல் இங்கே வந்தார்கள். நகரின் புனித ஜார்ஜ் தேவாலயமே அந்த மோதலில் உண்டான சுவைட் கல்லில் கட்டியது. அந்தக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் வைரத் துகள்கள் இருக்கின்றன. கல்லோடு பழகுகிற எனக்கு அந்தச் சுவரைத் தொடும்போது ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். ‘டானியல்’ என்று பெயர் வைத்திருக்கும் கோபுரம் 90 மீட்டர், 350 படிகள். முட்டி வலி இருந்தால் வேண்டாம், அதற்குப் பதிலாக மதில்மேல் நடங்கள். கூரை போட்ட நடைபாதை, சுமார் 2.7 கிலோமீட்டர், ஊரை முழுசாக ஒரு சுற்று. பணம் கிடையாது.

திரும்ப பி29 வழியாக ஆலன், ஷ்வேபிஷ் க்முண்ட் என்று வந்தால் மொத்தம் 250 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். போப்ஃபிங்கனில் உச்சியை வெட்டி எடுத்தாற்போல நிற்கும் மலை இப்ஃப், அங்கே கெல்ட்டியர் கோட்டை இருந்தது. இத்தனையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்லவில்லை. இரண்டு ஊர் போதும், மூன்று என்றால் அதுவே அதிகம். ஷ்வேபிஷ் ஹாலிலேயே மாலை வரை உட்கார்ந்துவிட்டால் அதுவும் நல்ல நாள்தான்.

வழிகாட்டிகள் சொல்லும் கதைகளில் எதை நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். முப்பதாண்டுப் போரின்போது 1634இல் நோர்ட்லிங்கன் அருகே நடந்த சண்டையில் ஸ்வீடன் தரப்பு தோற்றது, பெயர் பெற்ற சிற்பி ரீமன்ஷ்னைடரின் மரச் சிற்பப் பீடம் டிங்கெல்ஸ்பூலுக்கு வடக்கே உள்ள ரோத்தன்பூர்க்கில் இருக்கிறது என்பவை ஆவணமுள்ள உண்மைகள். டிங்கெல்ஸ்பூலில் குழந்தைகள் போய்க் கெஞ்சி ஸ்வீடன் படையிடமிருந்து ஊரைக் காப்பாற்றினார்கள், ரோத்தன்பூர்க் மேயர் மூன்றேகால் லிட்டர் மதுவை ஒரே மூச்சில் குடித்து ஊரை மீட்டார், நோர்ட்லிங்கனில் ஒரு பன்றி வாசல் கதவில் உராய்ந்து அது பூட்டாமல் கிடந்ததைக் காட்டிக்கொடுத்தது என்பவை ஊர்க்கதைகள். ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை என்று ரசித்துக் கேளுங்கள். வீடுகளிலும் இதே மாதிரிதான். வாசலில் செதுக்கிய வருடம் கட்டிய வருடமாகவும் இருக்கலாம், பெரிதாகப் பழுதுபார்த்த வருடமாகவும் இருக்கலாம். உத்தரத்தின் மர வளையங்களை எண்ணிப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். 18ஆம் நூற்றாண்டில் தீக்குப் பயந்தும், கல் வீடு போலத் தெரிய வேண்டும் என்ற ஆசையிலும் பல மரச்சட்ட வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு போட்டு மூடிவிட்டார்கள். இன்றைக்கு நாம் பார்க்கும் சிவப்பும் பழுப்புமான சட்டங்களில் பல பிற்காலத்தில் பூச்சைச் சுரண்டி வெளியே கொண்டுவந்தவை. மேல் மாடி கீழ் மாடியைவிடத் துருத்திக்கொண்டிருக்கும் வீட்டைக் கண்டால் அதன் மூலையில் நின்று அண்ணாந்து பாருங்கள். தச்சரின் திறமை முழுவதும் அந்த மூலையில்தான் இருக்கும்.

வண்டி நிறுத்துவது எளிது. மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தே உள்ளே போங்கள். பழைய நகரத்துக்குள் சந்துகள் குறுகல், பாதி இடம் குடியிருப்பவர்களுக்கு மட்டும். பலகையில் நீலக் கடிகார அட்டையின் படம் இருந்தால் கண்ணாடிக்கு உள்ளே அந்த அட்டையை வைக்க வேண்டும். முள்ளை வந்த நேரத்துக்கு வைக்கக் கூடாது, வந்ததற்கு அடுத்த அரை மணிக்கு வைக்க வேண்டும்: 10.10க்கு வந்தால் 10.30. அட்டை இல்லாவிட்டால் அபராதம் 20 யூரோவில் தொடங்கும். ஓட்டும்போது கைபேசியைக் கையில் எடுத்தால் 100 யூரோ அபராதமும், ஓட்டுநர் பதிவேட்டில் ஒரு தண்டனைப் புள்ளியும். ஆகவே வரைபடம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையிலேயே இருக்கட்டும். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் எங்கே திரும்புவது என்பது என் முடிவு, பிறகு அவர் முடிவு. மற்றவர் மறுத்துப் பேசக் கூடாது. பட்டியல் போடுகிற பாரம் எப்போதும் ஒருவர் தலையிலேயே விழுவதை இது நிறுத்தியது. உங்கள் வீட்டில் யார் தலையில் விழுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் முயன்று பாருங்கள்.

சாப்பாட்டில், இறைச்சி சாப்பிடாதவர் என்றால் கேஸ்ஷ்பேட்ஸ்லே எங்கும் கிடைக்கும், பாலாடைக்கட்டி உருக்கிய மாவுத் துண்டுகள். பயறும் ஷ்பேட்ஸ்லேயும் இந்தப் பகுதியின் சொந்தச் சாப்பாடு. அதில் பன்றிக் கொழுப்பும் சாசேஜும் சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். திராட்சைத் தோட்டப் பக்கம் போனால் வாசலில் துடைப்பம் தொங்கும் வீடுகளைப் பார்ப்பீர்கள். தன் தோட்டத்து ஒயினை விவசாயியே வீட்டில் பரிமாறும் இடம் அது. வருடத்தில் நான்கு மாதம்தான் திறக்கலாம், நாற்பது இருக்கைக்கு மேல் போடக் கூடாது என்பது விதி. துடைப்பம் தொங்கினால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள், பேச்சு தானாக வரும். ஓட்டுகிறவர் திராட்சைச் சாறு குடித்தால் போதும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எட்டு மாதம் ஆயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள், லைசென்ஸ் பற்றிச் சொல்லவில்லை. இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அதற்கு மேல் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதி ஜெர்மன் லைசென்ஸ் வாங்க வேண்டும், நேரடியாக மாற்றித் தரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு பழைய லைசென்ஸில் ஓட்டினால் அது சாதாரண அபராதத்தோடு போகாது, குற்ற வழக்கு. உங்களிடம் ஜெர்மன் லைசென்ஸ் இருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் தேர்வு முடியும்வரை கார் வீட்டிலேயே நிற்கட்டும், பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பாடன்-வூர்ட்டம்பெர்க் டிக்கெட் ஒன்று எடுத்தால் இருவரும் நாள் முழுக்க மாநிலத்தின் உள்ளூர் ரயில்களில் போகலாம். சனி ஞாயிறுகளில் நள்ளிரவிலிருந்தே செல்லும், வேலை நாளில் காலை ஒன்பதுக்கு மேல். ஷ்வேபிஷ் ஹால்-ஹெசென்டால் நிலையத்தில் இறங்கி, ஊருக்குள் போகும் பஸ்ஸில் ஏறினால் அந்தப் படிக்கட்டின் பக்கத்தில் போய் இறங்கிக்கொள்ளலாம்.